நொர்முரோத் வீட்டுக் குளிர்ச்சி

நொர்முரோத் தேநீர் எடுத்துவர அடுப்படிக்குப் போனபோது விருந்தினர் அறையின் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. திரும்பி வந்தபோது முப்பது. புது ஏ.சி.க்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அது பாட்டுக்குச் சுவரில் உட்கார்ந்து மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஆறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க" என்றார் நொர்முரோத். வேறென்ன சொல்வது? படியேறி வந்தவனைப் பார்த்து எதற்கு வந்தாய் என்று கேட்கிற ஆள் தெர்மெஸ் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

"புது மெஷின் வந்திருக்காமே, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் பக்கத்து வீட்டு சத்தோர். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாசலுக்கு எதிரே, சுவரோரம் இருக்கும் மரியாதை இடத்தில் ஏற்கெனவே சம்மணம் போட்டாயிற்று.

"பாருங்க, தாராளமா பாருங்க."

"ஒரு நிமிஷத்துல பாத்துடற சமாச்சாரமா இது?" சத்தோர் ஒரு திண்டை இழுத்து முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் நிகோரா புத்தகங்களை அள்ளி அணைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க பேசிக்கிட்டு இருங்க மாமா" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நொர்முரோத்துக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் போன வருடம் நிகோரா மயிரிழையில் தவறியிருந்தாள். இந்த வருடமும் தவறினால் மறுபடி எழுதப்போவதில்லை, கடைவீதித் தையல் கடையில் சேர்ந்துவிடுகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். தேர்வு வருவதோ சில்லா முடிகிற சமயத்தில். கோடையிலேயே கொடுங்கோடையான அந்த நாற்பது நாளில் தெர்மெஸில் நாய்கூட நிழலில் இருந்துகொண்டுதான் குரைக்கும். போன வருடம் அவள் படித்த அறை ரொட்டி சுடும் அடுப்பாகக் காய்ந்துகிடந்தது. ஆகவே பெண் தவறியதற்கு வெயில்தான் காரணம் என்று நொர்முரோத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அவர் வேலை பார்ப்பது வானிலை நிலையத்தில். வெப்பமானி பார்ப்பதே தொழில். கண்ணால் கண்டதையும் நம்பமாட்டார், பாதரசம் சாட்சி சொல்ல வேண்டும். சூப்பில் சூடு இருக்கிறதா என்று கேட்டால்கூட கரண்டியை விட்டுவிட்டு வெப்பமானியைத் தேடுகிற மனுஷன் என்று மனைவி ஓய்தின் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு வேதியியல் தெரியாது. உயிரியல் தெரியாது. பெண் இரவும் பகலும் எதையோ உருப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, தன்னால் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்று மனது கிடந்து தவிக்கும். அவருக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று, வெப்பம். அதை வைத்தே மகளைக் கரையேற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஓய்தினின் தம்பி ஹம்ரோ ஏ.சி. கடை வைத்திருந்தான். "மூணு தினுசு இருக்கு அத்தான். மூணையும் வீட்டுல வச்சு ஓட்டிப் பாருங்க. எது திறமையா வேலை செய்யுதோ அதை வச்சுக்கிட்டு மத்த ரெண்டைத் திருப்பிக் குடுங்க" என்றான். ஒன்றை வாங்கத்தான் கையில் தெம்பு. அந்த ஒன்று சரியானதாக இருக்க வேண்டும்.

விருந்தினர் அறைக்குப் புது இன்வெர்ட்டர் ஏ.சி. படுக்கையறை ஜன்னலுக்கு, பாக்கூ நகரத்தில் செய்து சோவியத் காலத்திலிருந்து உழைத்துக்கொண்டிருக்கும் பழைய ஏ.சி. பெட்டி ஒன்று. ஓடினால் டிராக்டர், நின்றால் நிலநடுக்கம். முற்றத்தைப் பார்த்த அறைக்கு மரச்சீவல் மெத்தை வைத்த தண்ணீர்க் கூலர். நிகோரா முறைபோட்டு மூன்று அறையிலும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அப்பா அவ்வப்போது வந்து அளந்துகொள்வார்.

அவ்வப்போது என்றால் நொர்முரோத்துக்குப் பத்து நிமிடம். உலர் வெப்பமானி ஒரு கையில், ஈரத் துணி சுற்றியது மறு கையில். தலைமட்டத்தில் ஒரு அளவு, கால்மட்டத்தில் ஒரு அளவு, பிறகு முற்றத்துக்கு ஓடி மின்மீட்டர், திரும்பி வந்து மகளின் வாக்குமூலம்.

"கால் குளிருதா நிகோரா?"

"இல்லப்பா."

"தலை?"

"தலை நல்லாருக்குப்பா."

"பத்துக்கு எவ்வளவு போடுவ?"

"ஏழு."

"போன தடவை எட்டுல்ல சொன்ன? ஏன் குறைஞ்சுது?"

"சரி, எட்டுன்னே வச்சுக்குங்கப்பா."

"நாமளா வச்சுக்கக் கூடாதும்மா. உள்ளது உள்ளபடி வரணும். கண்ணை மூடி யோசிச்சுச் சொல்லு."

நிகோரா கண்ணை மூடுவாள். மூடிய கண்ணுக்குள் அதுவரை நின்ற வேதியியல் கலைந்து போகும்.

"அவளைக் கொஞ்சம் தனியா விடுங்களேன்" என்றாள் ஓய்தின்.

"தனியாத்தானே விட்டிருக்கேன்? தெர்மாமீட்டர் மட்டும்தானே துணைக்கு இருக்கு!"

கணக்கு அழகாகக் கூடிவருகிற வேளையில்தான், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக, சத்தோர் ஐந்து பேருடன் வந்து உட்கார்ந்தார்.

விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்து போகக் கூடாது. ரொட்டியைப் பிய்த்து வைக்க வேண்டும், தேநீரைக் கோப்பையில் பாதியாக ஊற்றி ஊற்றிக் கொடுக்க வேண்டும், பேச்சு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ.சி. வெளியே தள்ளுகிற வெப்பத்தை ஆறு உடம்பும் இரண்டு கெண்டித் தேநீரும் மறுபடி உள்ளே கொண்டுவந்து சேர்த்தன. நொர்முரோத் மீட்டர் பார்க்கிற சாக்கில் மெல்ல எழுந்தார்.

"உக்காருங்க அண்ணே" என்றார் சத்தோர். "இந்த இன்வெர்ட்டர்ங்கறாங்களே, அது என்ன மாயம்? பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் நொர்முரோத் செத்தாலும் எழுந்து போகமாட்டார். "லாரி ஓட்டின உங்களுக்குச் சொல்றது சுலபம். பழைய ஏ.சி. இருக்கே, அது அவசரக்கார டிரைவர். முழு மூச்சா மிதிப்பான், சடக்குன்னு நிறுத்துவான், மறுபடி மிதிப்பான். டீசலைக் குடிச்சுத் தீர்த்துடுவான். இது நிதானஸ்தன். மலையேத்தத்துல கொஞ்சம் கூட்டி, சமவெளியில கொஞ்சம் குறைச்சு, நிறுத்தாமப் போயிட்டே இருப்பான். செலவு பாதிகூட ஆகாது."

"ஓஹோ! அப்ப அந்தத் தண்ணிக் கூலர்?"

"அது டிரைவரே இல்லை, கழுதை. தீனி கொஞ்சம், உழைப்பு ஜாஸ்தி. ஆனா காத்து வறண்டிருந்தாத்தான் நடக்கும். ஈரம் வந்தா அப்படியே நின்னுடும்."

"ஆகா!" என்று ஆறு பேரும் தலையாட்டினார்கள். ரொட்டிக்கடை இஸ்மத் தாடியைத் தடவிக்கொண்டு, "எல்லாம் புரிஞ்சுது. அந்த இன்வெர்ட்டர் மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றார். சாயங்காலம் வரை சொன்னார் நொர்முரோத்.

மறுநாள் அவர் மகளைப் படுக்கையறைக்கு மாற்றினார். பாக்கூப் பெட்டி கர்ஜித்த சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. அரை மணியில் இஸ்மத் நாலு பேரோடு வந்துவிட்டார். "இதே குரல்தான்! எங்க கல்யாணத்தப்ப எங்க வீட்டுல இருந்த பெட்டி இதுதான். ரெண்டு நிமிஷம் உக்காந்து கேட்டுட்டுப் போறேன்" என்று கண்கலங்கினார். நிகோரா புத்தகங்களோடு வெளியே போனாள். பெட்டியின் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் எல்லோரும் கத்தினார்கள். சண்டை என்று நினைத்துத் தெருவில் போன மூன்று பேர் விலக்கிவிட ஓடிவந்து, அவர்களும் தேநீருக்கு உட்கார்ந்தார்கள்.

அடுத்து கூலர் அறை. அன்றைக்குப் பார்த்து ஆற்றுக்கு அப்பாலிருந்து ஆப்கன் காற்று கிளம்பி, ஊரையே புழுதியால் போர்த்தியது. ஜன்னலைத் திறந்தால் மண், மூடினால் கூலரின் ஈரம் உள்ளேயே தங்கிக் குளியலறை. இன்றைக்காவது யாரும் வரமாட்டார்கள் என்று நொர்முரோத் மனதாரச் சந்தோஷப்பட்டார். வாசலில் இருமல் கேட்டது. புருவமெல்லாம் புழுதியாக சத்தோர் நின்றார். "வெளியில பயங்கரக் காத்து அண்ணே. அதான் உள்ள வந்தேன்."

அவர் வீடு எட்டடி தூரம்.

அன்று தேநீர் கொதிக்கும்வரை அடுப்படியில் தனியாக உட்கார்ந்து நொர்முரோத் யோசித்தார். ஒரு இயந்திரம் திறமையானதா என்றால், தின்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று பார்க்கச் சொல்கிறது படிப்பு. ஆனால் குளிர்ச்சி கூடக் கூட விருந்தாளியும் கூடினால்? அப்போது எது மிகத் திறமையான இயந்திரமோ அதன் அறைதான் ஊரிலேயே வெக்கையான அறை. இந்தக் கண்டுபிடிப்பு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறையத் துக்கமாகவும் இருந்தது. தன் சொந்தத் தெருக்காரர்கள் மேல் இப்படிக் கசப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. போன வசந்தத்தில் வாசல் கதவு விழுந்தபோது தூக்கி நிறுத்தியவர்கள் இவர்கள்தான். ஒரு பெண் பிள்ளை படிக்கிறாள் என்கிற நினைப்பு ஒருவருக்காவது வராதா?

"நிகோரா எங்க?" என்று ஓய்தினிடம் கேட்டார்.

"பின்னறையில. கதவைச் சாத்திக்கிட்டு உருப்போடறா. நீங்க போகாதீங்க."

"பின்னறையில ஒரு விசிறிகூட இல்லையே! ஒரே ஒரு தடவை அளந்துட்டு வந்துடறேன்."

"அளந்தா குளிர்ந்துடுமா? விருந்தாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க, தேநீரைக் கொண்டு போங்க."

சொல்லிவிட்டு ஒரு தட்டில் முலாம்பழக் கீற்றுகளை அடுக்கித் துணியால் மூடிக்கொண்டு, சத்தோர் வீட்டுப் பக்கச் சுவரில் இருக்கும் சின்னக் கதவை நோக்கி நடந்தாள்.

"விருந்தாளி இங்க இருக்காங்க, பழம் எங்க போகுது?"

"சத்தோர் அண்ணன் நாள் பூரா நம்ம வீட்டுலயே கிடக்கார். அதுக்காக அவர் பொண்டாட்டி பட்டினி கிடக்கணுமா?"

நொர்முரோத் தேநீரோடு உள்ளே போனார்.

போகிற போக்கைப் பார்த்து நொர்முரோத் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். "மன்னிக்கணும். லைன்ல வோல்டேஜ் விழுந்துபோச்சு. இனிமே ஏ.சி. எதையும் போட முடியாது."

தெரு சும்மா இருக்குமா? மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். "கவலையே படாதீங்க அண்ணே" என்றார் இஸ்மத். "உங்க லைனுக்குப் பாரம் இருக்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் எங்க வீட்டு ஏ.சி.யை அணைச்சுட்டு வந்துட்டோம். இப்ப போட்டுப் பாருங்க!"

போட்டார். பிரமாதமாக ஓடியது.

"உங்க வீட்டுலயும் ஏ.சி. இருக்கா?" என்று கேட்டார் நொர்முரோத் மெல்ல.

"ரெண்டு இருக்கு."

"அப்புறம் ஏன் இங்க..."

"என்ன இருந்தாலும் உங்க வீட்டுக் குளிர்ச்சி வருமா அண்ணே?" இஸ்மத் பஞ்சு அங்கியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. பல் லேசாகத் தந்தியடித்தது. "அந்த ஈரத் துணி தெர்மாமீட்டரைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே..."

தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை. நொர்முரோத் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அந்த ஊரில் பாம்பைவிடப் பயப்படுவது வீசுகாற்றுக்கு. வியர்த்த முதுகில் குளிர்காற்று பட்டால் ஆளையே முடக்கிவிடும் என்பதில் ஓட்டுநரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் வரை ஒருமித்த கருத்து. ஆகவே காலையில் வாசலிலேயே நின்று இருமினார். "ஏ.சி. காத்து நெஞ்சுல இறங்கிடுச்சு. தொத்திக்கப் போகுது, யாரும் உள்ள வராதீங்க."

சத்தோரின் முகம் மாறியது. "நெஞ்சுலயா? ஐயையோ! எலே இஸ்மத், மெஷினையெல்லாம் அணை! ஜன்னலைச் சாத்து!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது இதுதான் என்று நொர்முரோத்துக்குப் புரிவதற்குள் அவர் மெத்தையில் கிடந்தார். மேலே மூன்று பஞ்சு மெத்தை. நெஞ்சில் செம்மறிக் கொழுப்பு பூசப்பட்டது. கொதிக்கக் கொதிக்க ஆட்டுக்கால் சூப் வந்தது. வெளியே வெயில் நாற்பத்தைந்து. வீட்டில் மூன்று வகை ஏ.சி.யும் ஊமையாக இருந்தன.

யாரோ அவருடைய வெப்பமானியையே எடுத்து அவர் அக்குளில் வைத்தார்கள்.

"முப்பத்தொம்பது!" என்றார் சத்தோர். "காய்ச்சல்!"

"அறையே நாப்பத்தொண்ணு இருக்குய்யா!" என்று மெத்தைக்கு உள்ளிருந்து கத்தினார் நொர்முரோத்.

"பாவம், பிதற்றுறார். இன்னொரு மெத்தை கொண்டாங்க."

பொய் என்று ஒப்புக்கொண்டால் விருந்தாளியை விரட்டப் பொய் சொன்னவன் என்ற பேர் ஏழு தலைமுறைக்கு நிற்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வெந்து சாக வேண்டும். நொர்முரோத் வெந்துபோவதென்றே தீர்மானித்தார். ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார்கள். கழிப்பறைக்குப் போனால்கூட இரண்டு பேர் துணைக்கு வந்து, கைத்தாங்கலாக நேரே மெத்தைக்கே திருப்பிக்கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்களில் அவர் அழுதார். வியர்வையோடு வியர்வையாக ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. மகளுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று மூன்று இயந்திரத்தைக் கொண்டுவந்து, கடைசியில் போன வருடத்தைவிடக் கொடுமையான வெக்கையில், விசிறிகூட இல்லாத பின்னறையில் அவளைத் தள்ளிவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது. அது மட்டும் நிஜமான வலி. நிகோரா இரவில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"ரொம்ப வேக்காடா இருக்காம்மா?"

"இல்லப்பா. நல்லாருக்கு."

"பத்துக்கு எவ்வளவு?"

"பத்து" என்றாள் அவள். அப்பா மனம் நோகக் கூடாதென்று பெண் பொய் சொல்கிறது என்று நினைத்து அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேர்வு நாள் காலையில், நோய் முழுக்கக் குணமாகிவிட்டதாக சத்தோரே அறிவித்து மெத்தைகளை எடுத்துவிட்டார். நிகோரா போனாள், எழுதினாள், வந்தாள். நொர்முரோத் தையல் கடை இருக்கும் வீதி வழியாக வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

முடிவு வந்தது. நிகோரா தேறியிருந்தாள். அதுவும் அரசாங்கச் செலவில் படிக்கிற இடமே கிடைத்திருந்தது.

அன்று முற்றத்தில் பெரிய கொப்பரையில் புலாவ் வெந்தது. தெரு முழுக்க வந்திருந்தது. இந்தத் தடவை நொர்முரோத் ஒருவர் மேலும் கசப்பில்லாமல், வந்தவர்களையெல்லாம் கட்டித் தழுவினார். நிகோராவைப் பார்க்கும்போதெல்லாம் கண் நிறைந்தது. ஹம்ரோவும் வந்திருந்தான். ஒரு வாய் புலாவை விழுங்கிவிட்டு, "சில்லா முடிஞ்சு எத்தனை நாளாச்சு அத்தான்! எதை வச்சுக்கிறீங்க, எதைத் திருப்பறீங்க?" என்று கேட்டான்.

நொர்முரோத் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதைச் சொல்ற தகுதி எனக்கு இல்ல. என் அளவெல்லாம் விருந்தாளிங்க சூட்டுல கலந்துபோச்சு. அந்த வேக்காட்டுலயும் கிடைச்ச கொஞ்ச நஞ்ச நேரத்துல இங்கயும் அங்கயுமா உக்காந்து படிச்சுத் தேறினது என் பொண்ணு. அவ சொல்லட்டும். சொல்லும்மா நிகோரா, மூணுல எது?"

நிகோரா அம்மாவைப் பார்த்தாள். ஓய்தின் கொப்பரையைப் பார்த்தாள். சத்தோர் திடீரென்று எலும்பு ஒன்றை மிகக் கவனமாகக் கடிக்க ஆரம்பித்தார். இஸ்மத்துக்குப் புரையேறியது.

"கூச்சப்படாம சொல்லு. இன்வெர்ட்டரா, பாக்கூவா, கூலரா?"

சத்தோரின் மனைவி ரொபியா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவள் அவள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அவளை ஏன் அண்ணே கேக்கறீங்க? அவ படிச்சதெல்லாம் எங்க வீட்டு மேசை ஃபேன் முன்னாடி. நீங்க தெர்மாமீட்டரைத் தூக்கிக்கிட்டு அங்கேயும் வந்துடக் கூடாதுன்னுதானே இந்தத் தெருவே முறை வெச்சு வந்து உங்களை உக்கார வெச்சுப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு!"